“யெஸ், சேர்”

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சிட்னியில் எங்கள் பள்ளி விடுதியின் ஜன்னல் வழியாக அப்பாவின் கார் தெரிந்தது. அன்று அதே நகரின் கிரவீன் பகுதியில் அக்காவுக்குக் கல்யாணம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இரவுப் படிப்பு நேரத்தில் விடுதியை விட்டு வெளியேறக் கூடாது. “நேற்றிரவு நீ வெளியே போகவில்லையா?” என்று, விடுப்புக் கேட்கப் போன என்னிடம் விடுதி ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ், சேர்” என்றேன். ‘ஓம், போகவில்லை’ என்று நினைத்துச் சொன்னேன். போனதை ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

“அப்படியானால் இன்று விடுப்பு இல்லை.”

எதிர்த்துப் பேசுவது மரியாதையில்லை என்று பேசாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற அறைத்தோழி கவிதா சீறினாள்: “வாயைத் திறவடி! உன்ர ‘ஓம்’ அவருக்கு விளங்குமே?”

தமிழில் அப்படிக் கேட்டால் ‘ஓம், போகவில்லை’ என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்து, “என் தவறு. போய் வா” என்றார். அதிகாரத்தில் இருப்பவர் தவறை ஏற்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

இப்போது அவர், “போகவில்லையா?” என்று கேட்பதில்லை; “எங்கே இருந்தாய்?” என்றுதான் கேட்கிறார்.