வாசல் தாண்டாத தையல் மிஷின்கள்

பழுது பார்க்கிறவனுக்குத் துருவைவிடப் பெரிய தொல்லை, அவன் வருவதற்கு முன்பே மிஷினைத் திறந்து பார்த்துவிட்ட வீட்டுக்காரர்தான்.

தையல் மிஷின், சுவர்க்கடிகாரம், கிராமபோன், பம்பு அடுப்பு என்று போடிநாயக்கனூரிலும் சுற்று வட்டாரத்திலும் மேலே ஏலத்தோட்டங்களிலும் எது மக்கர் செய்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, குடும்பமே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கத் திருகாணி கழற்றிய சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் பாதியிலேயே வீட்டுக்காரர் பக்கம் சேர்ந்துகொள்வார்கள்.

என் நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மதுரையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது என் மனைவி பாக்கியம் கூட வரவில்லை, அவள் அப்பா வீட்டிலேயே இருந்துகொண்டாள். மாமனார் தையற்காரர். கடை, பெயர்ப்பலகை எல்லாம் வைத்திருக்கிற மனிதர். "கடைன்னு ஒண்ணு வச்சுட்டுக் கூப்பிடுங்க, வர்றேன். பையத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போற ஆளோட என்னால குடித்தனம் பண்ண முடியாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தொழிலில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. எந்த மிஷினும் என்னிடம் ஜெயித்துவிட்டுப் போனது கிடையாது. கடைக்கு இடம் தருகிற ஆள்தான் கிடைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

எங்கள் தொழிலுக்கு ஆயுத பூஜைதான் அறுவடை. அன்றைக்கு மிஷின்களுக்கு நடக்கிற மரியாதையில் பாதி மிஷின்கள் மறுநாள் எழுந்திருக்காது. ராசிங்காபுரத்தில் ஒரு சம்சாரி வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், மிஷின் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை. சக்கரத்தைச் சுற்றினேன். அசையவில்லை. மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து நல்லெண்ணெய் வாசம் வந்தது. கூடவே இன்னொரு வாசம். ரசம் வைக்கிற வீடு மாதிரி இருந்தது.

தைக்கிற மிஷினும் உழைக்கிற உசுருதானே, நல்ல நாளில் அதற்கும் எண்ணெய் முழுக்காட்டுவோம் என்று வருஷா வருஷம் ஊற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணெய் பிசினாகி உள்ளே எல்லாவற்றையும் கவ்விப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி மாட்டினேன். மிஷின் சலசலவென்று ஓடியது. "இனிமேல் இதற்கென்று விற்கிற எண்ணெய்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். சம்சாரிக்கு முகம் வாடிவிட்டது.

"சும்மா ஒண்ணும் ஊத்தலப்பு. சளி புடிச்சிரக் கூடாதுன்னு மொளகு போட்டுக் காச்சித்தேன் ஊத்துனோம்."

வாசமுள்ள கடிகாரம்

மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கடிகாரம் நின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பொதிக் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஏறிப் போனேன். அட்டைகள் என் கால் இரண்டையும் பங்கு போட்டுக்கொண்டன. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை நல்ல மனிதர். சுக்குத் தண்ணீர் கொடுத்து உபசரித்துவிட்டு, நேரே காய் உலர்த்தும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தட்டுத் தட்டாக ஏலக்காய் பரப்பியிருந்தது. அதற்கு மேலே, எல்லாவற்றையும்விடச் சூடான இடத்தில், சுவர்க்கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

மலை மூட்டத்தில் கடிகாரம் ஈரம் கோத்துவிட்டதாம். காய் காய்கிற சூட்டில் அதுவும் காயட்டும் என்று மாட்டியிருக்கிறார். ஈரமெல்லாம் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஈரத்தோடு சேர்த்து உள்ளே இருந்த எண்ணெயும் காய்ந்து, பல்சக்கரமெல்லாம் புகையேறிப் போயிருந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, அவருடைய ஆபீஸ் அறையில் மாட்டி ஓட விட்டேன். நான் அடுத்த முறை போனபோதும் கடிகாரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளைதான் அதன் கதவைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"மணி சரியாத்தேன் காட்டுது, ஆனா முன்ன இருந்த வாசம் போச்சேண்ணே!"

விருந்தாளி கையில் சாவி

போடியில் ஒரு ஏலக்காய் மண்டி முதலாளி கிராமபோன் வாங்கியிருந்தார். தங்கமான மனுஷர். வருகிறவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டுவதுபோலக் கிராமபோன் சாவியையும் நீட்டுவார். வந்தவரும் மரியாதைக்குறைவாக இரண்டு சுற்றோடு நிறுத்த மாட்டார். மண்டிக்கு வந்தவர்களில் உடம்பில் வலுவுள்ளவர்கள் எல்லாரும் தங்கள் மரியாதையைக் காட்டியதில், ஒருநாள் ஸ்பிரிங் படாரென்று அறுந்துவிட்டது.

அறுந்த முனையைத் தணலில் காட்டிப் பதப்படுத்தித் துளை போட்டு மாட்டிவிட்டேன். அது பெரிய வேலை இல்லை. முதலாளியைச் சமாதானப்படுத்தியதுதான் வேலை. சாவியை இனி நீங்கள் ஒருவர்தான் தொட வேண்டும் என்றதும், மண்டி தேடி வந்தவர்களை எப்படி அவமானப்படுத்துவது என்று கலங்கிவிட்டார். "சாவி உங்களோடு இருக்கட்டும். எந்தப் பாட்டுப் பிளேட்டைப் போடலாம் என்று வந்தவரைக் கேளுங்கள், அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. என்னை உட்காரவைத்து ஊர், உறவு எல்லாம் விசாரித்தார். பாக்கியம் போட்ட நிபந்தனையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா பொண்டாட்டியப் பிரிஞ்சு கெடக்குற? மண்டிக்கு முன்னால அறை சும்மாதேன் கெடக்கு, நாளைக்கே கடையத் தெற, வெரசா புள்ளயக் கூட்டிட்டு வா!"

கடை திறந்த கதை

கடை திறந்தேன். பலகை எழுதி மாட்டினேன். பாக்கியமும் வந்து சேர்ந்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் மார்பு விரிகிறது. அதற்குப் பிறகு ஒரு ஆள் வர வேண்டுமே! வந்தார்கள். கடையை அண்ணாந்து பார்த்தார்கள், பலகை நன்றாக இருக்கிறது என்றார்கள், "சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிஷினப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கடையில் ஒரு கடிகாரம்கூட இல்லை. பாக்கியம் வாசலிலேயே உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் ஒருநாள், மதுரைக்கு வண்டி பார்க்கச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனார். அவர் வீட்டுத் தையல் மிஷின் நின்று போய்க் கிடந்தது எனக்குத் தெரியும். வீதியைத் தாண்டினால் கடை, அதைத் தூக்கி வருவதற்கு என்ன கேடு என்று அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மருமகளுக்குச் சீரா வந்த மிஷினு மாப்ளே, அது வாசலத் தாண்டுனா அடகுக்குப் போகுதுன்னுல்ல ஊரு பேசும்!"

தேவாரத்து அறை

ஊர் முழுக்க அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் கடை வைத்துப் பிழைக்க முடியாது. கடை இல்லாவிட்டால் பாக்கியம் இருக்க மாட்டாள். மறுநாள் தேவாரத்தில் ஒரு வேலை இருந்தது. "அப்படி என்னதான் சோலி பாக்குறீங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு ஊருக்குப் போறேன்" என்று அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அந்த வீட்டு மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மிஷினும் அதே அறையில் இருந்தது. தீட்டுக் கழியும்வரை அங்கே ஆண்பிள்ளை போகக்கூடாது, உள்ளே இருக்கிற சாமானும் வெளியே வரக்கூடாது. தீட்டுக் கழிக்கிற அன்றைக்கே பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும், அதற்குள் சட்டை தைத்தாக வேண்டும். நான் முற்றத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சொல்ல, பிள்ளை பெற்றவளின் அம்மா வேலம்மா உள்ளேயிருந்து செய்தார். ஊசிக்கு அடியில் இருக்கிற தகட்டை நகர்த்துங்கள் என்றால் ஊசியைக் கழற்றி நிலைப்படியில் காட்டி "இதா தம்பி?" என்றார். அடுத்து நூற்கண்டு வந்தது. சக்கரத்தின் திருகாணியும் வந்தது. மிஷின் முழுவதும் துண்டு துண்டாக நிலைப்படிக்கு வந்துவிடும் போலிருந்தது.

பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். தையற்காரர் மகள் அல்லவா? என் கையிலிருந்த திருப்புளியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளே முதல் சட்டையையும் தைத்துக் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் போடிக்கு வந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவும் இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் மிஷினையும் பார்க்கச் சொல்லி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலம்மா உள்ளே இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே சோலின்னா இந்த ஆத்தாளயே அனுப்புங்க, நீங்க எதுக்கு வெயில்ல அலையணும், கடையில உக்காந்து காத்து வாங்குங்க!"

மதுரை வண்டியைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை. ஆகவே சகோதரர்களே, யாராவது கடைக்கு வந்தால் "அம்மா ராசிங்காபுரம் போயிருக்காங்க, வந்ததும் அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்வதற்கென்றே ஒரு கெட்டிக்கார மெக்கானிக் போடியில் பெயர்ப்பலகைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான்.