ஒன்பது பேர் ஏறிய படகு

திங்கட்கிழமை காலை, படகுக்காரர் ஏகாம்பரம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "சார், டீச்சர் போயிட்டாங்களாம்" என்றார். "எங்க, லீவா?" என்று கேட்டேன். அவ்வளவு மடத்தனமாகத்தான் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கு வருவதற்காகப் பொன்னேரிக்கு ரயிலேற அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ரயில் வந்தபோது எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்கிறார்கள். நாற்பத்து மூன்று வயது. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் இன்பராணி டீச்சரைத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் அவர் அறிவியல், நான் கணக்கு. அவருடைய கூடையில் எப்போதும் ஒரு பச்சை முட்டையும் ஒரு பொட்டலம் உப்பும் இருக்கும். டம்ளர் தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க மேலே வரும். "முட்டை மாறலை, தண்ணிதான் கனமாச்சு" என்பார். "ஆம்லெட் எப்போ டீச்சர்?" என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

பள்ளியில் வேலை செய்யும் நாங்கள் பத்துப் பேரும் ஏகாம்பரத்தின் படகில்தான் ஏரியைக் கடப்போம். படகில் பத்துப் பேர் என்பது அவருடைய நைனா காலத்துக் கணக்கு. எந்த மாதமானாலும் பத்துதான். போன கோடையில், முகத்துவாரம் வழியே கடல் ஏறி ஏரித் தண்ணீர் கரித்துக் கிடந்தபோது, பத்துப் பேரையும் உட்காரவைத்து, படகின் பக்கவாட்டில் தண்ணீர் தொட்ட இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டார் டீச்சர்.

ஐப்பசி மழை முடிந்த ஒரு நாள், பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்று எல்லோரும் அவசரமாக ஏறி உட்கார்ந்தோம். டீச்சர் எட்டிப் பார்த்தார். கோடு ஒரு விரற்கடை தண்ணீருக்குள் இருந்தது.

"ஒருத்தர் எறங்கணும்."

"அதே பத்துப் பேர்தானே டீச்சர், இன்னா புதுசா?" என்றார் ஏகாம்பரம்.

"ஆளு அதேதான். தண்ணி அது இல்லை. ஆத்துத் தண்ணி கலந்து உப்பு கொறைஞ்சிடுச்சு. லேசான தண்ணியில படகு இன்னும் இறங்கும். காத்து வேற அடிக்குது." பிறகு என் பக்கம் திரும்பி, "கணக்கு சார்தான் இருக்கறதுலயே கனம். அவருக்கு நீச்சலும் தெரியாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். காட்டூரில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? அவமானத்தோடு இறங்கினேன். "துணைக்கு நானும் நிக்கிறேன்" என்று அவரும் இறங்கினார். இரண்டாம் நடையில் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு இருவருக்கும் மெமோ கிடைத்தது. படகோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. "பத்துப் பேரா வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது, இப்ப என்ன சொல்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"முழுகினாத்தான் நான் சொன்னது சரின்னா, நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன் சார்" என்றார்.

அதற்குப் பிறகு கடைசிவரை, ஒன்றரை மாதம், நான் அவரோடு பேசவில்லை. ஆனால் ஏகாம்பரம் அன்றிலிருந்து ஒன்பது பேரைத்தான் ஏற்றினார். இரண்டாம் நடைக்குத் தினமும் துறையில் நின்றது டீச்சர். ஒரு நாளாவது நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கோபம் தானாகத் தீரும், நாள் கிடக்கிறது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து, புதன்கிழமை படகேறினோம். ஒன்பது பேர். நான் குனிந்து பார்த்தேன். கோடு சரியாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. ஏகாம்பரம் பழக்கத்தில் துறையைத் திரும்பிப் பார்த்தார்; கொஞ்ச நேரம் இன்ஜினைக் கிளப்பவில்லை.

நீங்கள் சொன்னது சரி டீச்சர். நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை பேர் முன்னால், நீங்கள் இல்லாதபோது சொல்கிறேன்.

அவர் வேலைக்கு வேறொருவர் வருவார். மறுபடி பத்துப் பேர் ஆவோம், மறுபடி மழை பெய்யும். அப்போது துறையில் நிற்கப்போவது நான். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, அவர் நின்ற அந்த இடத்தைத்தான்.