நடுவில் படக்கூடாத மெழுகு

அந்தச் சனிக்கிழமை எனக்கு உண்மையாகவே தெரியாமல் இருந்ததா, அல்லது தெரியாதவள் போல நின்றேனா? இரண்டு மாதமாக இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஊரில் ஒரு பனிச்சறுக்குக் கழகம் உண்டு. மலையுச்சியிலிருந்து கீழே பாய்கிற சறுக்கு அல்ல, காட்டுப் பாதையில் ஏறியும் இறங்கியும் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற சறுக்கு. என் மகளுக்கு ஒன்பது வயது. கணவருடைய அக்காவின், அதாவது என் மச்சாளின், மகளுக்குப் பத்து. இருவரும் ஒரே பிரிவு. கழகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இந்த இரண்டு பேர்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் கழகத்தின் நிலவறையில் கூடி, பிள்ளைகளின் சறுக்குப் பலகைகளைப் பந்தயக் காலத்துக்குத் தயார் செய்ய வேண்டும். பலகையைக் கவிழ்த்து மேசையில் இறுக்கி, அடிப்பக்கத்தில் மெழுகை அயன் பெட்டியால் உருக்கித் தேய்த்து, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, தூரிகை போட வேண்டும். ஆனால் இந்த வழுக்கும் மெழுகு முன்னுக்கும் பின்னுக்கும்தான். கால் நிற்கிற நடுப்பகுதியில் படவே கூடாது. அங்கே ஓடுகிற அன்று வேறொரு மெழுகு, பனியைப் பிடிக்கிற மெழுகு, பூசுவார்கள். அது ஒட்டாவிட்டால் ஏற்றத்தில் கால் பின்னுக்கு வழுக்கும். நடுப்பகுதி எதுவென்று தெரிவதற்காகப் பயிற்சியாளர் ஒவ்வொரு பலகையிலும் இரண்டு நீல ஒட்டுநாடாத் துண்டுகளை ஒட்டி, பிள்ளையின் பெயரையும் எழுதியிருந்தார். இதையெல்லாம் நான் கொப்பியில் எழுதி, அடிக்கோடிட்டு, வீட்டில் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போயிருந்தேன்.

மச்சாளுக்குக் கொப்பி தேவையில்லை. அகதியாக வந்த காலம் தொட்டு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் அயன் பெட்டியால் துணி மினுக்குகிறவர் அவர். பல்கலைக்கழகம் வரை படித்த நான் பெட்டியைத் தொடத் தயங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன, கம்பஸில அயன் பண்ணச் சொல்லித் தரேல்லையோ?”

“பயமாக் கிடக்கு மச்சாள். சூடு கூடினா அடிப்பக்கம் எரிஞ்சு போமாம்.”

“பயந்து பயந்து பிள்ளை வளத்தா இப்பிடித்தான். அதுதான் அது தாரா மாதிரி நடக்குது.”

என் மகள் பிந்தித்தான் நடந்தாள். பாதங்களை வெளிப்பக்கம் விரித்து, ஆடி ஆடி. அன்று மச்சாள் வைத்த பெயர் தாரா, அதாவது வாத்து. பிறகு அது வீட்டுப் பெயராகிவிட்டது. ஐந்தாவது பிறந்தநாளுக்குத் தாரா வடிவத்தில் ஒரு கேக்கும் செய்வித்துக் கொண்டுவந்தார். எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மச்சாள் தன் மகளின் பலகையைக் கவிழ்த்தார். “இதென்ன ஊத்தை ஒட்டிக் கிடக்கு” என்று நீல நாடாக்களை நகத்தால் கிளப்பிக் கீழே போட்டார். பசையையும் துடைத்தார். பிறகு பெட்டியை எடுத்து நுனியிலிருந்து வால் வரை ஒரே சீராக இழுத்தார், கட்டில் விரிப்பு மினுக்குவது போல.

“விளிம்பு விளிம்பாப் பிடிக்கோணும். நடுவில விட்டுப் பிடிச்சா எல்லாம் கெட்டுப்போம். விளங்குதோ?”

நான் வாயைத் திறந்தேன். ஸ்கேட்டிங் முறையில் ஓடுகிற பலகைகளுக்கு முழு நீளமும் இதே மெழுகுதான் என்று கொப்பியில் ஒரு வரி இருந்தது. ஒருவேளை இது அந்த வகையோ? வாயை மூடினேன். ஆனால் அந்த வகைக்கு நாடா ஒட்டுவதில்லை என்பது அடுத்த வரி. என் சப்பாத்தடியில் அந்த நாடா கிடந்தது, பிள்ளையின் பெயரோடு. குனிந்து எடுத்தேன். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

“பாத்தீரோ, கண்ணாடி!” என்றார் மச்சாள்.

“ஓம் மச்சாள், வடிவா இருக்கு” என்றேன்.

டிசம்பரில் கருங்காட்டு மலையில் முதற்பனி விழுந்ததும், அணிக்குப் பிள்ளைகளைத் தேர்கிற ஓட்டம் நடந்தது. பயிற்சியாளர் நாடா இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அவசர அவசரமாக எல்லாப் பலகைகளுக்கும் பிடிக்கிற மெழுகைப் பூசினார். மச்சாளின் மகள் கால்பலம் உள்ளவள், எப்போதும் என் மகளுக்கு முன்னால் போகிறவள். சமதரையில் அன்றும் முன்னால்தான் போனாள். நாங்கள் நின்ற ஏற்றத்துக்கு வந்தபோது பிடிக்கிற மெழுகு உரிந்துவிட்டிருந்தது. ஓரடி வைத்தால் ஓரடி பின்னுக்கு வழுக்கினாள். இரண்டு தரம் முகம் குப்புற விழுந்தாள். கடைசியில் பலகைகளை வெளிப்பக்கம் விரித்து, ஆடி ஆடி, ஒவ்வொரு அடியாக ஏறத் தொடங்கினாள்.

பின்னால் வந்த என் மகள் அவளைத் தாண்டும்போது கத்தினாள். “தாரா! தாரா!”

எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சாள் பக்கத்தில் நிற்கும்போதே சிரித்தேன்.

பிள்ளை கடைசியாக வந்து சேர்ந்தாள். மச்சாள் அவளுடைய தொப்பியைப் பிடுங்கி எறிந்தார்.

“காலில பெலன் இல்லையெண்டா ஏனடி வந்தனீ? எல்லாற்ற முன்னாலயும் மானத்தை வாங்கிப்போட்டாய்!”

“வழுக்கினது அம்மா.”

“மற்றவைக்கு வழுக்கேல்லை. உனக்கு மட்டும் என்ன வழுக்கு?”

பிள்ளை என்னைப் பார்த்தாள். மூக்கிலிருந்து இரத்தம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. “மாமி, நீங்கள் பாத்தனீங்கள்தானே? வழுக்கினதுதானே?”

“பயிற்சி செய்தாச் சரிவரும் குஞ்சு” என்றேன்.

இவ்வளவு அன்பான குரலில் நான் அவளோடு அதற்கு முன் பேசியதில்லை.

என் மகள் அணியில் சேர்ந்தாள். மச்சாள் தன் மகளைக் கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார். பலகைகளை என்னிடம் தந்தார். “உம்மட பிள்ளைக்கு அடுத்த வருஷம் அளவாயிருக்கும்.” நான் நிலவறையில் வைத்து, நடுப்பகுதியை மெழுகு அகற்றும் திரவத்தால் துடைத்தேன். பத்து நிமிட வேலை. பளபளப்புப் போய், இருக்க வேண்டியபடி மங்கலாக வந்தது.

போன ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் என் மகள் “தாரா, தண்ணி எடு” என்றாள். பிள்ளை மறுபேச்சில்லாமல் எழுந்து எடுத்துக் கொடுத்தாள். படியேறும்போது தன் கால்களைக் குனிந்து பார்த்து ஏறுகிறாள். மகளை நான் கண்டித்தேன். போதிய அளவு கண்டித்தேனா என்று தெரியவில்லை.

பெப்ரவரியில் கடைசிப் பந்தயம். இந்த வெள்ளி வரை பெயர் கொடுக்கலாம், மச்சாளின் மகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று பயிற்சியாளர் சொன்னார். பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால், தாயின் கையால் வந்த பிழை என்று அவளுக்குத் தெரியும், மாமி பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதும் தெரியும். மச்சாளிடம் சொன்னால், பொறாமையில் செய்தீர் என்பார். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் ஏலாது. எவரிடமும் சொல்லாமல் பலகைகளை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் யோசித்தேன். கால் சரியில்லை என்று நம்புகிற பிள்ளை அவற்றை வைத்து என்ன செய்வாள்?

வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று வெள்ளிக்கு முன் எழுதுங்கோ. மறந்துவிடு என்று மட்டும் எழுதாதேயுங்கோ. அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.