பீச்சங்கைக் குழாய்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் தோணி முதலாளி சம்மாட்டியார் திருகோணமலையிலிருந்து, கடலடிக்கு மூழ்கிச் சுழியோடுகிற காற்றுச் செற் இரண்டு வாங்கிவந்தார். அதுவரை முல்லைத்தீவில் நாங்கள் மூச்சை அடக்கித்தான் சங்கு எடுத்தோம். ஒரு செற் புதியது. சிலிண்டரிலிருந்து வாய்க்கு ஒரே குழாய். விட்ட மூச்சு வாயடியிலேயே குமிழியாகப் போய்விடும். மற்றது யாரோ வெள்ளைக்காரன் பாவித்துக் கழித்தது. தலைக்கு இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பான இறப்பர்க் குழாய். வலது குழாயால் காற்று வாய்க்கு வரும். விட்ட மூச்சு இடது குழாயால் முதுகுப் பக்கம் போகும்.

புதியதைச் சம்மாட்டியார் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு வருகிற பெரிய மனிதருக்குத் திறந்து காட்டுவார். கடலுக்கு வந்தது பழையது. அதைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியவன் என் தங்கையின் புருஷன்.

தோணியில் வைத்து நான் குழாய்களை இழுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். வலது குழாய் வெடித்திருந்தது. சொன்னேன்.

"மாத்திப் பூட்டு. நல்லதை வலப்பக்கம் போடு. வெடிச்சது பீச்சங்கைப் பக்கம் கிடக்கட்டும்" என்றார் சம்மாட்டியார்.

"அதுவும் வாயிலைதானே வந்து முடியுது, சம்மாட்டியார்."

"சாப்பிடுறது சோத்துக்கையாலை. கழுவுறது பீச்சங்கையாலை. ஊத்தை மூச்சு போற குழாயிலை ஓட்டை இருந்தால் உனக்கென்னடா?"

தோணியே சிரித்தது. மச்சானும் சிரித்தான். "பீச்சங்கைக்கு இந்த ஓட்டைக் குழாய் காணும் மச்சான்" என்றான்.

"அந்தப் புதுசைத் தாங்கோவன்" என்றேன்.

"உப்புத்தண்ணி பட்டால் அது பழுதாப் போடும்" என்றார்.

சுழியோடுகிற சாமான் தண்ணீர் பட்டால் பழுதாகுமாம். இதைச் சொன்ன மனிதருக்குத்தான் ஊர் எழும்பி, உட்காரக் கதிரை கொடுத்தது.

வெடிப்பில் சைக்கிள் ரியூப் துண்டை ஒட்டி, நூலால் சுற்றி, இடப்பக்கம் பூட்டினார்கள். மச்சான் இறங்கினான். அடியில் ஒட்டுக் கழன்றுவிட்டது. வெடிப்பால் புகுந்த தண்ணீரைத் தடுக்க, பல்லால் கடிக்கிற வாய்க்கட்டையில் ஒன்றும் இல்லை. மூச்சை இழுக்கிறவனுக்குச் சோத்துக்கையும் இல்லை, பீச்சங்கையும் இல்லை. இரண்டு குழாயும் ஒரு வாய்க்குத்தான் வருகின்றன.

அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு இரண்டு தரம் உதறியது. பிறகு உதறவில்லை. இழுத்து ஏற்றினோம். கட்டை பல்லுக்குள் இறுகிக் கிடந்தது. நான்தான் தாடையை நெம்பி எடுத்தேன்.

கரையில் சம்மாட்டியார் முதலில் செற்றைக் கழற்றுவித்தார். அதை நல்ல தண்ணீரில் அலசச் சொல்லிவிட்டு என் தங்கையிடம் வந்தார்.

"அவன் கட்டையை வடிவா இறுக்கிக் கடிக்கேல்லை, பிள்ளை."

நெம்பிய என் விரலில் அவன் பல்லின் அடையாளம் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்துவிட்டு, ஒட்டு எங்கே கழன்றதென்று தோணியில் வந்த இன்னொருவனிடம் விசாரிக்கப் போய்விட்டார்.

நான் தங்கையைக் கூட்டிக்கொண்டு வட்டக்கச்சிக்கு வயல்வேலைக்குப் போனேன். கடலில் பிறகு இறங்கவில்லை. பல வருஷம் கழித்துச் சம்மாட்டியார் செத்த வீட்டுக்கு மட்டும் போனேன், அலுமாரியைத் திறந்து பார்க்க. புதிய குழாய் உள்ளேயே காய்ந்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அதில் ஒருவனும் ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.