மூன்றாவது ஆள்

புதுக் காலண்டர் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது தைப்பூசத்தை. அடுத்து, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனை. இரண்டுக்கும் நடுவில் விழுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் முகூர்த்த நாள்களைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்று மிஞ்சும். அந்த ஒரு ஞாயிறுதான் எங்கள் சைக்கிள் போட்டிக்கான நாளாக இருந்தது. போட்டி நின்று சில வருடங்கள் ஆன பிறகும் கை தானாக அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறது.

தைப்பூசம் முடியும்வரை எங்கள் பக்கத்துச் சாலைகள் பழனிக்கு நடப்பவர்களுடையவை. அவர்களுக்கு நடுவே சைக்கிள் விட முடியாது. தவக்காலம் தொடங்கிவிட்டால், போட்டி முடிந்து போடும் பிரியாணியை எங்கள் மாதா கோயில்காரர்கள் பாதிப் பேர் தொட மாட்டார்கள். பிரியாணி இல்லையென்றால் மற்றப் பாதிப் பேர் வர மாட்டார்கள். முகூர்த்த நாளிலோ மண்டபத்துக்குப் போகும் கார்கள். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன் என்பதால் நாள் குறிக்கும் வேலையை என்னிடமே விட்டிருந்தார்கள். அதில் ஒரு முறையும் பிசகு வந்ததில்லை.

போட்டியைத் தொடங்கியது நானும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த என் பள்ளித் தோழனும். அவன் என்னை மாப்ளே என்பான். அந்தக் கணக்கில் என் மனைவி அவனுக்குத் தங்கச்சி. வேடசந்தூர் சாலையிலிருந்து பிரிந்து கடலைக் காட்டுக்கும் முருங்கைக் காட்டுக்கும் நடுவே போகும் ஒரு கிளைச்சாலையைத் தேர்ந்தெடுத்தோம். அங்கிருந்த தொடக்கப் பள்ளி வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கே புறப்பட்டுக் குளத்து மதகுவரை போய்த் திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்குப் பாதி வழியில் திருப்பம். கியர் வண்டி கூடாது. கடைக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் எதை ஓட்டுகிறார்களோ அதையே கொண்டுவர வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பிரிவில் மூன்று பேராவது இருந்தால்தான் அந்தப் பிரிவுக்குப் போட்டி. மூன்று பரிசு அறிவித்துவிட்டு இரண்டு பேரை ஓட விட்டால் அதற்கு மதிப்பில்லை என்பது என் வாதம். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த விதி தேவைப்படவே இல்லை. பெண்கள் பிரிவில்தான் முதல் வருடம் இரண்டே பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். மற்றவர் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. பேசாமல் பெண்கள் பிரிவை எடுத்துவிடலாம் என்றான் தோழன். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"நான் மார்க்கெட்டுக்குப் போக வர ஓட்டுறவ. எனக்கு எதுக்குப் போட்டி?" என்றாள்.

"நீ ஒண்ணும் ஜெயிக்க வேணாம். மூணாவது ஆளா நின்னாப் போதும்."

அப்படித்தான் நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் கூடை வைத்த நீல நிற லேடீஸ் சைக்கிளில் போய், மற்ற இருவரும் வந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தாள். மூன்றாம் பரிசான எவர்சில்வர் தூக்குவாளியைக் கூடையிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருடமும் அதே இரண்டு பேர்தான் பெயர் கொடுத்தார்கள், அதற்கடுத்த வருடமும். எங்கள் அடுப்படியில் ஒரே அளவில் மூன்று தூக்குவாளிகள் சேர்ந்தன.

மூன்றாவது முறை பரிசு கொடுக்கும்போது தோழன் மைக்கில் சொன்னான்: "கடைசியா வந்தும் வருசம் தவறாமப் பரிசு வாங்குற ஒரே ஆளு நம்ம தங்கச்சிதான். இந்தத் தெறமை யாருக்கு வரும்?"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது அவள் சைக்கிளிலும் நான் பக்கத்தில் மெதுவாக ஸ்கூட்டரிலுமாக வந்தோம். பாதி வழியில் சொன்னாள்.

"அடுத்த வருசம் அந்த நர்ஸம்மாவ ஒரு தடவ முந்தணும்."

"குடம் வேணுமா?" என்று கேட்டேன். முதல் பரிசு குடம்.

"குடமெல்லாம் டீச்சரே வாங்கட்டும். எனக்கு அந்தம்மாவ முந்துனாப் போதும்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆவணியில் ஒரு நாள் தோழனின் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நானும் கூட இருந்தேன்.

"அண்ணே, ஓவராயில் பண்ணிக் குடுங்க. சீட்ட ஒரு விரக்கட ஏத்தணும். அப்புறம் இந்தக் கூடையக் கழட்டிருங்க."

"கூடை என்ன பாவம் பண்ணுச்சு? நீ போற வேகத்துக்கு அது காத்தத் தடுக்குதாக்கும்?"

"கழட்டுங்கண்ணே. தை மாசத்துக்கு அப்புறம் நீங்களே மாட்டி விடலாம்."

அதன் பிறகு விடிந்தும் விடியாமலும் குளத்தங்கரைச் சாலையில் ஓட்டிப் பழகினாள். காய்கறியைப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு வந்தாள். திருப்பத்தில் கால் ஊன்றாமல் திரும்பக் கற்றுக்கொண்டதை ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். சேலை செயினில் மாட்டுகிறது என்று, கல்யாணமாகி இத்தனை வருடங்களில் முதல் தடவையாகச் சுடிதார் தைத்துக்கொண்டாள். போட்டியன்று காலை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்காமல் நேராக வாசலுக்கு வந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நல்ல பனி. பிள்ளைகளின் ஓட்டம் முதலில் முடிந்தது. அடுத்தது பெண்கள், கடைசியாக ஆண்கள். மினி பஸ் வருவதற்குள் சாலையைத் திறந்துவிட வேண்டும் என்று காவலுக்கு வந்த போலீஸ்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸும் ஆசிரியையும் என் மனைவியும் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்போது இரண்டு சைக்கிள்களில் மூன்று இளம்பெண்கள் வந்து இறங்கினார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"யாரும்மா நீங்க?" என்றான் தோழன்.

"வேடசந்தூர் மில்லுண்ணே. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வாரோம். பேரு குடுக்கல. சேத்துக்குவீங்களா?"

"தாராளமா. ஆனா மூணு பேருக்கு ரெண்டு வண்டியா?"

"இவ வண்டி வார வழியில செயின் அந்துபோச்சு. ஒரு கடையோரமாப் பூட்டிப் போட்டு, டபுள்ஸ்ல வச்சுக் கூட்டியாந்தோம். எங்கள்ல இவதான்ணே நல்லா மிதிப்பா."

வண்டி இல்லாத அந்தப் பெண், ஓட்டம் முடித்து நின்ற பிள்ளைகளின் குட்டி சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு கோட்டில் நின்ற நீலச் சைக்கிளைப் பார்த்தாள்.

தோழனுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருடங்களில் பெண்கள் பிரிவுக்குத் தானாகப் புது ஆள் வந்தது அன்றுதான். "மாப்ளே, பாத்தியா, நம்ம போட்டி வேடசந்தூர் வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றான் என்னிடம். எனக்கும் அதே பெருமைதான். அவன் உடனே மைக்கை வாயருகே கொண்டுபோனான். பக்கத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசும் பழக்கம் அவனுக்கு எப்போதும் இல்லை.

"ராத்திரி பூரா வேல பாத்துட்டு நம்ம போட்டிக்கு வந்திருக்குற சகோதரிகளுக்கு ஒரு கை தட்டுங்க. அதுல ஒரு சகோதரிக்கு வண்டி இல்ல. இத்தன வருசமா ஆளு பத்தலயேன்னு நமக்காக ஓட்டுன நம்ம தங்கச்சி, இப்ப தன்னோட வண்டிய அந்தப் பொண்ணுக்கு விட்டுக் குடுக்குறாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டல் பலமாக எழுந்தது. சிறப்பு விருந்தினருக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் கோட்டுக்கே போய்விட்டான். என் மனைவி ஒரு காலைப் பெடலில் வைத்தபடி, இன்னும் இறங்காமல், என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்கினாள். சுடிதார் மேல் பொன்னாடை விழுந்தது. அந்தப் பெண்ணிடம் வண்டியைக் கொடுக்கும்போது அவள் சொன்னது மைக்கிலும் கேட்டது: "பின் பிரேக்கு செத்த லேட்டாத்தான் பிடிக்கும். மதகுத் திருப்பத்துல முன்னாடியே பிடிச்சுக்க."

பள்ளிச் சுவரோரமாக ஆண்களின் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவர்கள் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பெண்ணும் சுடிதார்தான் போட்டிருந்தாள். பார் வைத்த வண்டி அவளுக்கு ஒரு தடையே இல்லை. ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தால் ஆறு பேரும் ஓட்டியிருக்கலாம். இது மறுநாள், பதினோராம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றியது. வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன். பிள்ளைகள் நான் ஏதோ ஆண்டு மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

அன்று விசில் ஊதியதும் என் மனைவி குளுக்கோஸ் தண்ணீர் வைத்திருந்த மேசைக்குப் போய்விட்டாள். பொன்னாடையை மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். நான் பக்கத்தில் போய், "பெரிய மனசு உனக்கு" என்று சொன்னேன். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதலில் வழக்கம்போல விளையாட்டு ஆசிரியை வந்தார். அவருக்குப் பின்னால் வளைவில் இரண்டு வண்டிகள் ஒட்டினாற்போல் தெரிந்தன. கூடை இல்லாத நீல வண்டி கொஞ்சம் கொஞ்சமாக விலகி முன்னால் வந்து, ஒரு வண்டி நீளத்தில் நர்ஸை முந்திக் கோட்டைத் தாண்டியது. என் மனைவி டம்ளரைக் கையில் பிடித்தபடி, குதிகாலை உயர்த்தி அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது என்று அன்று நான் நம்பினேன்.

"அக்கா, வண்டி என்னமா போகுது. நான் மிதிக்கவே இல்ல, அதுவாப் போகுது. யாருக்கா இப்படிப் பாத்துப் பாத்து வச்சிருக்கது?" என்று கேட்டாள் அந்தப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நாந்தான்" என்றாள் மனைவி.

தண்ணீர் குடிக்க வந்த நர்ஸ் என் மனைவியைத் தனியே பார்த்துக் கேட்டார். "ஏங்க்கா ஓட்டல? குளத்தங்கரையில நீங்க போறத டூட்டி முடிஞ்சு வாரப்பல்லாம் பாப்பேன். உங்களுக்குப் பயந்துதான் நானும் இந்த வருசம் மூணு மாசமாப் பழகுனேன்."

அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆண்களின் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அங்கே போக வேண்டியிருந்தது. பரிசளிப்பில் நர்ஸுக்கு மூன்றாம் பரிசுத் தூக்குவாளி கிடைத்தது.

அடுத்த வாரமே என் மனைவி தோழனின் கடைக்குப் போய்க் கூடையை மாட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே, அடுத்த போட்டியில் முந்திக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் அந்தச் சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டார்கள். அதற்கடுத்த வருடமும் ஜல்லிதான் கிடந்தது. தார் போட்டு முடித்தபோது லாரிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன, போட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை. தோழன் இப்போது அதே கடையில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கிறான். நர்ஸ் சென்னைக்கு மாறிப் போய்விட்டார். என் மனைவி இடது முழங்காலில் வலி வந்து, மருத்துவர் சொன்ன பயிற்சியைக் காலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்கிறாள்.

இந்த வருடக் காலண்டரிலும் ஒரு ஞாயிறு மிஞ்சியது. அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன்.

"அந்த ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கோம். நீயும் நானும் சைக்கிள்ல மதகு வரைக்கும் மெதுவாப் போயிட்டு வருவமா?"

அவள் தூக்குவாளியைத் திறந்து சாம்பாருக்குத் துவரம்பருப்பு அள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒன்றில் துவரை, ஒன்றில் பாசிப்பருப்பு, ஒன்றில் வற்றல்.

"எதுக்கு?"

"சும்மாதான். நீ என்னைய முந்திக்க."

"ரெண்டு பேருக்கு வச்சா அதுக்கு மதிப்பு இல்லன்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்றாள். கோபம் எதுவும் குரலில் இல்லை. மூடியை அழுத்தி மூடினாள். "மூணாவதா ஒரு ஆளப் பிடிச்சுட்டு வாங்க. அப்பப் பாப்போம்."