பின்சீட்டைப் பார்த்து வாங்கிய வண்டி

சைக்கிள் அவனுடையது, மிதிப்பது நான். காரைக்காலில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு அது. நான் அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். அவன் நெரவியிலிருந்து சைக்கிளில் வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பான். என்னைக் கண்டதும் ஹேண்டில்பாரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேரியரில் ஏறி, என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொள்வான். அலுவலகம் போய்ச் சேரும்வரை வாய் ஓயாது. எதிர்க்காற்றில் பாதி கேட்காது. கேட்ட மாதிரி தலையாட்டுவேன். எனக்குக் கூட்டாளி என்று இருந்தவன் அவன் ஒருவன்தான். மனிதர்களைச் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் கிடையாது.

சில வருஷம் கழித்து மோட்டார் சைக்கிள் ஆசை வந்தபோதும் ஒப்பந்தம் சுலபமாக முடிந்தது. சைக்கிள் அவனுடையது என்பதால் மோட்டார் சைக்கிள் என்னுடையதாக இருக்கட்டும். ஓட்டுவது, வழக்கம்போல, நான். வாரநாளில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை நாகூர், தரங்கம்பாடி என்று அவனே திட்டமும் போட்டுவிட்டான். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். நாங்கள் கேட்கவில்லை.

கடையில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று அப்போதுதான் வந்திருந்த ஜப்பான் ரகம். ஒல்லி உடம்பு, சிவப்பு டாங்க். பார்த்ததுமே என் மனசு அதன்மேல் போய்விட்டது. இன்னொன்று அளவில் சின்னதுதான், ஆனால் உருவம் அந்தக் காலத்து உருவம். வட்டமான ஹெட்லைட், உருண்டையான மெரூன் டாங்க், தட்டையான நீளச் சீட்டு. எந்த ஊர் பழைய டாக்டரோ ஓட்டிக் கழித்தது போல இருந்தது. அவன் இரண்டு வண்டியிலும் ஏறிப் பார்த்தான், பின்சீட்டில் மட்டும்.

"ஓட்டிப் பாக்கறவங்களப் பாத்திருக்கேன் சார். பின்னாடி மட்டும் உக்காந்து பாக்கறவர இப்பதான் பாக்கறேன்" என்றார் கடைக்காரர்.

"இதாண்டா வண்டி" என்று உருண்டை டாங்கைத் தட்டினான் அவன். "அந்த ஜப்பான்காரன் வண்டில உக்காந்தா வழுக்கிட்டு வருது. நாகூர் போயி வர்றதுக்குள்ள இடுப்பு போயிடும்."

"ஓட்டப்போறவன் நாண்டா."

"உனக்கு என்ன, ரோட்டப் பாத்துட்டு வருவே. நான் உன் முதுகத்தானே பாத்துட்டு வரணும்? சீட்டாவது நல்லா இருக்க வேணாமா?"

எந்த வண்டி என்று முடிவாகாமல் வாங்குவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் அவனுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுப் பெண். கட்டிக்கொண்டால் பாரிஸ். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சம்பந்தத்தை யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை, அவனும் யோசிக்கவில்லை. புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாண்டில் சொன்னான்: "வண்டிய எடுத்துடுடா. லீவுல வருவேன். பின்சீட்டு எனக்குத்தான்."

அடுத்த தைக்குள் நான் தனியாகக் கடைக்குப் போனேன். "பின்சீட்டு சார் வரலியா?" என்று கேட்டார் கடைக்காரர். ஜப்பான் வண்டி வாசலிலேயே நின்றது. தடுப்பதற்கு ஆளில்லை. இருந்தும் நான் உருண்டை டாங்கைக் காட்டினேன். இந்த ரகம்தான் உழைக்கும் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். உழைப்பாவது ஒன்றாவது! அவன் வருவான், அவன் சொன்ன வண்டியில் உட்காருவான். அவ்வளவுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திட்டப்படியே நாகூர் போனேன். தமிழ்நாட்டு எல்லையில், வாஞ்சூர் செக்போஸ்டில், சாராயப் பாட்டில் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். "தனியாவா போறீங்க?" "ஆமாங்க." "பெட்டியத் திறங்க." சில ஞாயிறுகளில் அன்றைக்கு நான் பேசிய மொத்தப் பேச்சே அதுதான். எனக்குப் பார்த்த பெண் எதுவும் அமையவில்லை. அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். நான் டாங்கை ஒட்டியே உட்கார்ந்து ஓட்டுவேன் என்பதை மெக்கானிக் சொல்லித்தான் கவனித்தேன்.

"சார், முன்னாடி ரெக்சின் தேஞ்சு கிழிஞ்சே போச்சு. பின்பக்கம் நேத்து ஷோரூம்லேந்து வந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் தள்ளிதான் உக்காருங்களேன், யாரு வரப்போறா?"

கிழிசலை மட்டும் தைக்கச் சொன்னேன்.

எண்பதுகள் முடியும் சமயத்தில் அவன் வந்தான், மனைவி, குழந்தையோடு. நெரவி வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றது. நான் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுபோய் அதன் பக்கத்தில் நிறுத்தினேன். "கடற்கரை வரைக்கும் போயிட்டு வருவோம், ஏறு" என்றேன். ஏறினான். சதை போட்டிருந்தான். வண்டி அழுந்தியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையைத் தோளில் போடுவான் என்று கிளம்பாமல் ஒரு கணம் இருந்தேன். கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் பின்னாலிருந்த கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வழியில் அதிகம் பேசவும் இல்லை.

கடற்கரையில் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ஏண்டா, அப்பவே ஜப்பான் வண்டியெல்லாம் வந்துடுச்சே. இந்தப் பழைய உருவத்தப் போயி ஏன் எடுத்தே?"

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே மறந்திருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீதாண்டா எடுக்கச் சொன்னே என்று கத்தியிருக்கலாம். கத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"விலை தோதா இருந்துதுடா" என்றேன்.

இருட்டுவதற்குள் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இறங்கியவன் சீட்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். "சீட்டு மட்டும் நல்லா மெத்துன்னு இருக்கு. புதுசா மாத்துனியா?"

"இல்லடா. அதே சீட்டுதான்."

அம்பகரத்தூர் ரோட்டில் திரும்பியதும், வண்டியை நிறுத்தாமலே பின்னுக்கு நகர்ந்து சீட்டின் நடுவில் உட்கார்ந்தேன். அவன் அன்றைக்குச் சொன்னது சரிதான். வசதியான சீட்டு.