பெரட்டுக் களத்து ஆதாம்

நோர்வூட்டில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்த கடையின் முதலாளி, காலையில் கடைப் பலகைகளைக் கழற்றி வைத்ததும் தெருவில் இறங்கி நின்று மலையைப் பார்ப்பார். மேகம் இல்லாத நாளில், மற்ற மலைகளுக்கெல்லாம் பின்னால் அது தனியே கூம்பி நிற்கும். எங்கள் சனத்துக்கு அது சிவனொளிபாத மலை. சிங்களவர்களுக்குப் புத்தர் பாதம் பதித்த இடம். முதலாளி முஸ்லிம், அவருக்கு அது ஆதம் நபி வந்து இறங்கிய மலை.

“சொர்க்கத்துல இருந்தவரு இங்க வந்து விழுந்து, ஒத்தக் கால்ல நின்னு அழுதாரு. நீ ஒரு சீனி மூட்டையத் தூக்க இந்த அழுக அழுவுறே” என்பார்.

நான் பாதிப் படிப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். ஒரு இடத்தில் தங்கி இருக்கத் தெரியாது. நானுஓயா ஸ்டேஷனில் மூட்டை சுமந்தேன். தலவாக்கலையில் லொறி கழுவினேன். நாடு சுதந்திரம் பெற்ற கையோடு வந்த சட்டத்தால் தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகியிருந்தார்கள். எனக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. அதற்கு முன்பும் எனக்கென்று ஒரு கூரை இருந்ததில்லை.

அந்தக் கடையையும் விட்டுவிட்டு, நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் வெளியாள் தங்கினால் காவல்காரன் துரத்துவான். அங்கே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. பங்குச் சாமியார் ஹட்டனிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக் கொடுப்பது, மணி அடிப்பது எல்லாம் உபதேசியார்தான். கோயிலைக் கூட்டித் துடைப்பதற்காக அவர் என்னைப் பின்னறையில் இருக்கவிட்டார்.

அந்த மாசியில் தோட்டத்தில் காமன்கூத்து நடந்தது. சிவபெருமான் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பதும், காமன் விழுந்து கிடக்க ரதி அழுவதும், பிறகு அவன் எழுவதும் எங்கள் மலைகளில் ஒவ்வொரு வருடமும் ஆடுகிற கூத்து. உபதேசியாரின் சபையார் ஒருவர் பாக்கியில்லாமல் அதில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மனத்தாங்கல். ஈஸ்டருக்கு நாமும் ஒரு கூத்துப் போடுவோம், உலகத்தைப் படைத்த கதையைப் போடுவோம் என்று முடிவு செய்தார். ஆனால் கூத்துப் பழக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் ஒருவர்தான். காமன்கூத்து வாத்தியார். அவரிடமே போய் நின்றார்.

வாத்தியார் கதையை முழுக்கக் கேட்டார். வெளிச்சம், தண்ணீர், மரம், சூரியன், மீன், பறவை, மிருகம் எல்லாம் படைத்து முடித்த பிறகு கடைசியில் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்து, மூக்கில் ஊதி உயிர் கொடுத்தார் என்று உபதேசியார் சொல்லி முடித்தார்.

“சரிங்க. எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. கடைசில மனுசன் எதுக்கு?” என்றார் வாத்தியார்.

“தோட்டத்தப் பாத்துக்க, பண்படுத்த.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“அங்கயும் அதே பொழப்புத்தானா?” என்றான் தப்பு அடிப்பவர்களில் ஒருவன். “காலையில பெரட்டுக்கு எத்தன மணிக்கு நிக்கணும், கேட்டீங்களா ஐயா?”

“நம்மள வேல வாங்குற கண்டாக்கையா யாரு, பாம்பா?” என்றான் இன்னொருவன்.

உபதேசியாருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் கேட்டதுதான் எனக்கும் கேள்வி. மூட்டை தூக்குகிற நேரங்களில் நான் எதற்காக உண்டானேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். மூட்டை தூக்கத்தான் என்பது போதுமான பதிலாகப் படவில்லை.

வேஷம் பிரித்தார்கள். ஆதாம் நான். சொந்தபந்தம் இல்லாதவன்தான் முதல் மனுசனுக்குப் பொருத்தம் என்று வாத்தியார் சொன்னார். ஏவாளுக்கு ஒரு கொழுந்து நிறுவைக்காரர் தன் மீசையை எடுக்கச் சம்மதித்தார். கடவுளை யாரும் பார்க்கக் கூடாது, திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் போதும் என்று உபதேசியார் மன்றாடினார்.

“ஆள் வராம எப்படிங்க ஊதுறது? தொரை பங்களாவுல இருந்து ஊதுவாரா?” என்றார் வாத்தியார்.

கடைசியில், வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கடவுள் வரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குக் குரலுள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், காமன்கூத்தில் சிவபெருமானாக நின்று காமனை எரித்தவர்.

அவர் வீட்டில் அப்போது துக்கம். காமன்கூத்து முடிந்த சில நாட்களில் அவருடைய கைக்குழந்தை இறந்திருந்தது. விடியற்காலை பார்த்தபோது மூச்சில்லை. அவர் பிள்ளையின் மூக்கில் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருந்தாராம். பக்கத்துக் காம்பரா அறைகளில் இருந்தவர்கள் வந்து பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லையாம். எரிக்கிற வேஷம் கட்டினவன் வீட்டில் பிள்ளை எப்படித் தங்கும் என்று லயத்தில் சிலர் பேசினார்கள். அவர் மனைவி அன்றிலிருந்து பேசவில்லை. அழவும் இல்லை. யாராவது வாயில் ஊட்டினால் ஒரு கவளம், மற்றதைத் துப்பிவிடுவாள். ஆள் எலும்பாகிக்கொண்டு வந்தாள். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவருக்கு அந்த வேஷத்தைக் கொடுக்கும்போது எங்கள் ஒருவருக்கும் அது நினைவில் தட்டவில்லை. நாங்கள் குரலைத்தான் பார்த்தோம். ஒத்திகைகளில் அவர் என் அருகே வந்து, “இங்க ஊதுறேன்” என்று கையால் காட்டிவிட்டுப் போய்விடுவார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வாத்தியார் தன் வழக்கத்தை விடவில்லை. எனக்கும் கடவுள் வேஷக்காரருக்கும் கையில் மஞ்சள் காப்புக் கட்டி, விரதம் இருக்கச் சொன்னார். “சாமியாருக்குத் தெரிஞ்சா என்னாகும்?” என்று உபதேசியார் முணுமுணுத்தார். “காப்பு இல்லாம உயிர் எடுக்குறதும் கொடுக்குறதும் வெளையாட்டுங்களா?” என்று வாத்தியார் அவரை வாயடைக்கச் செய்தார்.

ஈஸ்டர் ஞாயிறு காலை, செபம் முடிந்ததும் சனம் பெரட்டுக் களத்தில் கூடியது. வேலை நாட்களில் விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பிரித்து அனுப்புகிற வெட்டவெளி அது. வேதக்காரர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கூத்து என்றதும் எல்லா லயத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். பிள்ளையை இழந்த அந்தப் பெண்ணையும் இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

வெளிச்சமும் தண்ணீரும் நன்றாகவே படைக்கப்பட்டன. மிருகங்கள் வந்தபோது பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். பிறகு தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் வெட்டி எடுத்த சேற்று மண்ணை என் உடம்பெல்லாம் அப்பி, களத்தின் நடுவில் கிடத்தி, மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. கண்ணைத் திறக்கக் கூடாது, வாயை அசைக்கக் கூடாது, மண் மண்ணாகக் கிடக்க வேண்டும் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இனி நடந்ததை நான் காதால்தான் அறிந்தேன்.

தப்பு மெதுவாகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்த அடி பழகின அடியாகத் தோன்றியது. காமன் விழுந்து கிடக்கும்போது அடிக்கிற அடி அது. தப்புக்காரர்களின் கைக்கு வேறு அடி தெரியவில்லை. நடுவில் ஒரு உடம்பு, மேலே வெள்ளைத் துணி, இந்த அடி. பெண்கள் எப்போதும் செய்வதைச் செய்தார்கள். ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

உபதேசியார் ஓடி வரும் சத்தம் கேட்டது.

“ஏம்மா, அழாதீங்க. இது செத்தவன் இல்லம்மா. இன்னும் பொறக்கவே இல்ல.”

“பொறக்குறதுக்கு முந்தியே அழுதுட்டா பின்னாடி மிச்சம்” என்றாள் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். ஆனால் ஒப்பாரி நிற்கவில்லை. முதல் மனிதனுக்காக, அவன் பிறக்கும் முன்பே, தேயிலைக் காட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் கிடந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த அழுகைக்குள்ளிருந்து ஒரு குரல் தனியாகக் கிளம்பியது. அதில் ராகம் இல்லை, சொல்லும் இல்லை. அடிபட்ட மாடு கத்துகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து வந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தப்பும் நின்றது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டமே காத்திருந்த அழுகை அது.

அதே நேரம் கடவுள் வந்துவிட்டார். என் மேலிருந்த துணியை விலக்கி, பக்கத்தில் மண்டியிட்டார். பீடி வாசமும் சூடன் வாசமும் அடித்தன. கையை என் நெஞ்சில் வைத்தார். அவர் மூச்சு என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஊதவில்லை.

“தம்பி, முடியல” என்றார். எனக்கு மட்டும் கேட்டது.

மண் என்ன பதில் சொல்லும்? எழுந்து உட்கார்ந்து கூத்தை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வெறுங்கால்கள் களத்தில் நடந்து வரும் சத்தம் கேட்டது. உபதேசியார், “விடுங்க, விடுங்க, வரட்டும்” என்று யாரையோ தடுத்தார். அவள் என் மறுபக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஊதுங்க” என்றாள்.

அவர் அசையவில்லை.

“அன்னைக்கு ஊதினீங்கல்ல. அதே மாதிரி ஊதுங்க. இது எந்திரிக்கும்.”

இத்தனை நாள் பேசாத தொண்டையிலிருந்து அது கரகரவென்று வந்தது. அவர் குனிந்தார். என் மூக்கில் காற்று விழுந்தது. சூடான, பீடி நாற்றமடிக்கிற மூச்சு. அது கூத்துக்காக ஊதினது இல்லை. உள்ளே எங்கேயோ ஆழம்வரை போயிற்று. நான் அவ்வளவு நேரமும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அது முதல் மூச்சாக இருந்தது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். முதலில் அவர்கள் இரண்டு பேரின் முகங்கள், குனிந்தபடி. அவர் முகத்துணி நழுவி விழுந்திருந்தது. அவர்களுக்கு மேலே வானம். நீலம் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு முன்பு நான் அதைப் பார்த்ததே இல்லை போலிருந்தது. தலையைத் திருப்பினேன். தேயிலைச் சரிவு முழுக்கப் பனி மினுங்கியது. சவுக்கு மரத்தில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதன் கறுப்பைக்கூட அப்போதுதான் யாரோ தீட்டி முடித்த மாதிரி இருந்தது. தூரத்தில் அந்த மலை. அதன் உச்சியில் யார் பாதம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. எல்லாம் இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்பது மட்டும்தான் தோன்றியது. படைத்தவர் இதைப் பார்த்துத்தான் நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு என்ன சொல்ல முடியும்?

மனிதனை எதற்காகப் படைத்தது என்பதற்கு உபதேசியார் சொன்ன பதில் தப்பில்லை என்றே இப்போது நினைக்கிறேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத்தான். ஆனால் அந்தப் பெண் அன்று காலை செய்ததும் பார்த்துக்கொள்வதுதான். அதற்குக் கணக்கப்பிள்ளை வேண்டியதில்லை, பெரட்டு வேண்டியதில்லை. தன் பிள்ளையைக் காக்க முடியாமல் போனவள், எவனோ ஒரு நாடோடிக்கு மூச்சு வேண்டும் என்று எழுந்து வந்தாள். இதைவிடப் பெரிய வேலை எதையும் நான் பிறகு சுற்றிய ஊர்களில் பார்க்கவில்லை.

கூத்து அதோடு முடிந்துவிட்டது. யாருக்கும் மேலே ஆட மனம் வரவில்லை. பாம்பு வரவில்லை, பழம் வரவில்லை. மீசையை எடுத்த நிறுவைக்காரர்தான், “அப்ப ஏவாள எப்பங்க படைக்கிறது?” என்று சேலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பு வெடவெடத்தது. லயத்துப் பீலிக்குப் போய்த் தண்ணீரில் நின்றேன். மண் காய்ந்து பிடித்திருந்தது. அந்தப் பெண் பின்னாலேயே வந்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் என் தலையைப் பிடித்துக் குனியவைத்து, தேங்காய் நாரால் தேய்க்கத் தொடங்கினாள்.

“காதுக்குள்ளாறயெல்லாம் அப்பிவச்சிருக்கானுங்க” என்றாள். “ஆடாம நில்லு.”

தேய்த்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தேய்த்தாள். அவர் வெள்ளை வேஷத்தைக் கழற்றாமல் கொஞ்சம் தள்ளி நின்றார். கிட்டே வரத் துணியவில்லை. கடைசி வாளித் தண்ணீரை ஊற்றியதும் அவள் பீலித் திண்டில் உட்கார்ந்து, ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்:

“பசிக்குதுங்க.”

அவர் ஓடினார். வேட்டி தடுக்கி விழப் போய், சமாளித்து மறுபடி ஓடினார். அதற்குள் மூன்று காம்பராக்களிலிருந்து ரொட்டியும் சம்பலும் வந்துவிட்டன. அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.